இணைய விற்பனையில் நாணயம்: ஒரு பார்வை



நம்ம திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? கையில் தூக்கி எடை பார்க்கிறார். சாவியைப் போட்டு நாலு தடவை திருகுகிறார். பூட்டிவிட்டு இழுத்தும் பார்க்கிறார். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைக்கு வந்தவர் திருகிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். அது நியாயம்தானே?

இதே ஆள் செல்போனில் வாங்கும்போது எதைத் திருகிப் பார்ப்பார்? அவருக்குக் கிடைப்பது ஒரு போட்டோ, நாலு வரி விவரம், அவ்வளவுதான். அந்த நாலு வரியை எழுதுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு சின்னாளபட்டியில். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு என்று செலவு வந்தபோது, சென்ற ஆண்டு அம்மாவின் செல்போனில் வாட்ஸ்அப் வழியாகச் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்தேன். பட்டறையில் மொத்த விலைக்கு எடுத்து, போட்டோ போட்டு விற்பது. ஒரு சேலைக்கு எழுபது, எண்பது ரூபாய் நிற்கும்.

சுங்குடி பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய முறையில், பருத்தித் துணியைத் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. பிறகு சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. நூலை உருவினால் வெள்ளைப் புள்ளி. இன்று பெரும்பாலும் வருவது இது அல்ல. மெழுகு அச்சு அல்லது சாதாரண அச்சு. மெழுகில் அச்சுக்கட்டையை முக்கித் துணியில் ஒற்றி, சாயம் ஏற்றி, வெந்நீரில் மெழுகை எடுப்பார்கள். அதுவும் நல்ல சேலைதான். குறைந்த விலை, தினமும் கட்டலாம். ஆனால் அது முடிச்சு இல்லை.

நான் விற்றது மெழுகு அச்சு. எழுதியது 'ஒரிஜினல் கைமுடிச்சு சுங்குடி'. எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் ஓர் ஆசிரியை அக்கா 780 ரூபாய்க்கு வாங்கினார். மூன்றாம் நாள் போன் வந்தது. "ஏம்மா, எல்லாப் புள்ளியும் ஒரே அளவுல வரிசையா நிக்குது. கையில முடிஞ்சா இப்படியா இருக்கும்? தொட்டா ஒரு சுருக்கம்கூட இல்லையே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கூரியர் செலவு உட்பட.

அதைவிடப் பெரிய அடி வீட்டில்தான். எங்கள் அம்மாச்சி நாற்பது வருஷம் முடிச்சுப் போட்டவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அச்சுக்கும் அதே பேரு வச்சுட்டா, நான் முடிஞ்சதுக்கு என்னத்தா பேரு?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மாச்சி கேட்ட கேள்வியைத்தான் 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஆராய்ந்தார் (2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்). நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார்க்காரருக்குக் கட்டாது, அவர் விலகுவார். மிஞ்சுவது ஓட்டைக் கார். இப்போது காருக்குப் பதில் சுங்குடியைப் போட்டுப் பாருங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தும், எங்கள் தெருவில் முடிச்சுப் போடுகிறவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் என்னைப் போல் எழுதுகிறவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

குறையைச் சொல்லி விற்க முடியுமா? 1995-இல் பியர் ஒமிடியார், பின்னாளில் ஈபே ஆன ஏலத் தளத்தைத் தொடங்கியபோது, உடைந்துபோன லேசர் பாயிண்டர் ஒன்றை, உடைந்தது என்று சொல்லியே போட்டார். 14.83 டாலருக்குப் போனது! வாங்கியவரிடம், "உடைந்தது என்று தெரியும்தானே?" என்று அவரே கேட்டார். அந்த மனிதர் உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்ப்பவராம். (உலகத்தில் எப்படியெல்லாம் ஆட்கள்!) மறு ஆண்டே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் முறை அந்தத் தளத்தில் வந்தது. இன்று நாம் பார்க்கும் நட்சத்திர மதிப்பெண்ணுக்கு அது முன்னோடி.

அந்த நட்சத்திரத்தையும் விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், விற்பவரே வாங்கியவர்போல் நடித்துக் கருத்து எழுதக்கூடாது என்கின்றன. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

இப்போது நான் எழுதும் விவரம் இப்படி: 'மெழுகு அச்சு, கைமுடிச்சு அல்ல. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். முதல் இரண்டு, மூன்று துவைப்பில் சாயம் போகும், தனியாக அலசவும்.' உள்ளதைச் சொல்லணும்னா, முதல் மாதம் விற்பனை பாதியாகக் குறைந்தது. அம்மாகூட, "சாயம் போகும்னு நீயே சொன்னா எவ வாங்குவா?" என்று சத்தம் போட்டாங்க. ஆனால் சேலை திரும்பி வருவது நின்றது. திரும்பி வரும் ஒரு சேலையின் கூரியர் செலவு, இரண்டு சேலை லாபத்தைத் தின்றுவிடும் என்பதை நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அம்மா சமாதானம் ஆனாங்க. கோயம்புத்தூர் அக்காவும் மறுபடி இரண்டு அச்சுச் சேலை வாங்கினார்.

போன மாதம் அம்மாச்சி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சேலை முடிந்து முடித்தார். நூலை உருவுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். விலை 2,800 ரூபாய். 'முந்தியில் மூன்று புள்ளி சரியாக விழவில்லை, சாயம் உள்ளே ஏறிவிட்டது' என்றும் எழுதினேன். நேற்று ராத்திரி அந்த அக்காவிடமிருந்து செய்தி: "அந்த மூனு புள்ளியையும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா."

காலையில் வெயில் வந்ததும் எடுத்து அனுப்பணும்.