நிலத்தடியில் ஓர் இரும்புச் சுவர்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம் மரபு. உழுதாலும் அகழ்ந்தாலும் நிலம் நமக்கு நெல்லும் நீருமே தருகின்றது. ஆனால், நஞ்சைக் கொட்டினால் அந்நஞ்சையும் அது வாங்கி வைத்துக்கொள்கின்றது. பின்னர்க் கிணற்று நீர் வழியே அதனை நமக்கே திருப்பித் தருகின்றது. அங்ஙனம் கெட்ட நீரை மீட்கும் வழி உண்டா? உண்டு என்பதற்குச் சான்று ஒன்று காண்போம்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் நகரம் என்றோர் ஊர் உளது. அதன் அருகே, பாஸ்குவாட்டாங்க் என்னும் ஆற்றங்கரையில், கடலோரக் காவற்படையின் நிலையம் ஒன்று அமைந்துள்ளது. அங்கே குரோமிய முலாம் பூசும் பட்டறையொன்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. அதன் தரையிலிருந்த துளை வழியே குரோமியம் கலந்த அமிலம் மண்ணுள் இறங்கியிருந்தமை 1988ஆம் ஆண்டில் தெரியவந்தது. டிரைகுளோரோ எதிலீன் என்னும் கரைப்பானும் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. புற்றுநோய் விளைக்கவல்ல இவ்விரண்டும் நீரோடு ஆற்றை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

இத்தகைய இடங்களில் எந்திரத்தால் நீரை இறைத்துத் தூய்மை செய்தல் பழைய முறை. அழுக்கேறிய துணியை ஒரு முறை நீரில் முக்கினால் அழுக்கு முற்றும் போகாதன்றோ? அதுபோல, மண்துகள்களைப் பற்றிய நஞ்சும் இறைக்க இறைக்கச் சிறிது சிறிதாகவே வெளிவரும். ஆண்டுகள் பல கழியும். பொருளும் மிகச் செலவாகும். எந்திரத்தை நிறுத்தினால் நஞ்சு மீண்டும் தலைகாட்டும்.

கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் கில்லாமும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழி கண்டனர். நிலத்தடி நீரைச் சோதனைக்கு எடுக்கும் கருவிகளை ஆராய்ந்தபோது, உலோகத்தைத் தொட்ட நீரில் சில கரைப்பான்களின் அளவு குறைதல் புலப்பட்டது. அதனைக் கருவியின் குறையென்று தள்ளிவிடாமல், அக்குறையையே அவர்கள் மருந்தாக்கினர். 1991ஆம் ஆண்டில் ஒண்டாரியோ மாநிலத்துப் போர்டன் என்னுமிடத்தில், இரும்புத் துகள் கலந்த சுவரை மண்ணுள் அமைத்துச் சோதித்து வெற்றி கண்டனர்.

அம்முறையைத் தழுவி, எலிசபெத் நகரில் 1996ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 46 மீட்டர் நீளமும், 7.3 மீட்டர் ஆழமும், 0.6 மீட்டர் அகலமும் உடைய இரும்புத் துகட் சுவர் நீர் செல்லும் வழியில் அமைக்கப்பெற்றது. நீர் தானே வந்து, துகள்களின் இடையே ஊடுருவி, தூய்மை பெற்றுச் சென்றது. இறைக்கும் எந்திரம் வேண்டப்படவில்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது எலெக்ட்ரான்களை வெளிவிடுகின்றது. அவற்றை ஏற்ற குரோமியம் கரையுந் தன்மை இழந்து அங்கேயே படிந்துவிடுகின்றது. கரைப்பானிலுள்ள குளோரினும் அகற்றப்படுகின்றது. கதவுக் கீலை அரிக்கும் துரு, ஈண்டு நீரைக் காக்கும் துணையாயிற்று! சுவரைக் கடந்த நீரில் குரோமியத்தின் அளவு, குடிநீருக்கு அந்நாட்டரசு வகுத்த லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்னும் எல்லைக்குக் கீழ்த் தாழ்ந்தது.

எனினும், இம்மருந்துக்கும் எல்லை உண்டு. இரும்பு நாளடைவில் தேயும்; அதன் இடைவெளிகள் படிவுகளால் அடைபடும். தன்னிடம் வந்த நீரைத் தூய்மையாக்குவதன்றி, பட்டறையின் அடிமண்ணில் தங்கிய நஞ்சை அச்சுவர் அகற்றாது. தரையிலிருந்த துளையை உரிய காலத்தில் கண்டு அடைத்திருந்தால் சிறிது சாந்தே போதியதாயிருக்கும். அது காணப்படாமையால், ஏறக்குறைய 450 டன் இரும்பு மண்ணுள் புதைக்கப்பட்டது. அறிவியல் நிலத்தின் நோயை ஓரளவு தீர்க்கும். அந்நோய் வாராமற் காத்தல் நம் கடன்.