நெடுஞ்சொல்லும் பகுபத இலக்கணமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

மருத்துவமனைச் சீட்டுகளில் ‘ஓ.ஜி.டி.’ என்று எழுதுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அதன் விரிவு ‘ஈசாஃபகோகேஸ்ட்ரோடியோடினாஸ்கப்பி’. ஆங்கிலத்தில் 27 எழுத்துகள்! தமிழ் வழியில் பயின்று, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர் இதனைக் கண்டு மலைப்பது இயல்பே. ஆனால் இதைப் பிரிக்கும் கருவி பள்ளியிலேயே நம் கைக்கு வந்துவிட்டது. அதுவே பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த பகுபத இலக்கணம்.

முதலில் ஒலிப்பு. ஈசாஃபகோ – கேஸ்ட்ரோ – டியோடி – னாஸ்கப்பி என நான்காக நிறுத்திச் சொல்க. ‘னாஸ்’ என்னுமிடத்தில் அழுத்தம் விழும்.

இனி உறுப்புகளைக் காண்போம். ‘ஈசாஃபகஸ்’ உணவுக்குழல். ‘கேஸ்டர்’ கிரேக்கத்தில் வயிறு, இங்கே இரைப்பை. ‘டியோடினம்’ சிறுகுடலின் முற்பகுதி. பன்னிரண்டு விரல் அகல நீளமுடையதென்று முன்னோர் அளந்ததால், பன்னிரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர். ‘ஸ்கப்பி’ நோக்குதல். வாய்வழியே குழாய் செல்லும் வரிசையிலேயே சொல்லின் உறுப்புகளும் நிற்பதைக் காண்க!

இடையில் வரும் ‘ஓ’ எதற்கு? ‘மரத்தை’ என்பதில் ‘அத்து’ நிற்பதுபோல இதுவும் ஒரு சாரியை எனலாம். விகுதி உயிரில் தொடங்கினால் இந்த ‘ஓ’ வருவதில்லை: கேஸ்ட்ர் + ஐட்டிஸ் = கேஸ்ட்ரைட்டிஸ். ‘காசு + இல்லை’ என்பது ‘காசில்லை’ ஆகும்போது உகரம் மறைவதை இதனோடு ஒப்பிடலாம்.

விகுதியே உயிர்நிலை. ‘ஐட்டிஸ்’ எனில் அழற்சி. ‘எக்டமி’ எனில் வெட்டி நீக்குதல். ‘ஸ்கப்பி’ எனில் பார்த்தல். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இத்தகைய சீட்டைக் கொண்டுவந்து, “வயித்தைக் கிழிக்கப் போறாங்களா தம்பி?” என்று கேட்டார். “இல்லைங்க தாத்தா, குழாய் விட்டுப் பார்க்கத்தான்” என்றேன். விகுதி ஒன்றே அவர் அச்சத்தைப் போக்கியது.

சொல்லைப் பிரித்தால் சோதனை எதுவென்று விளங்கும். நோய் எதுவென்பதை மருத்துவரே கூற வேண்டும். எனினும், ஊரில் சீட்டுகள் முதலில் நம்மிடந்தான் வருகின்றன. ஆதலின் நண்பர்களே, நெடுஞ்சொல்லைக் கண்டால் முதலில் விகுதியைப் பாருங்கள்; பின்பு பகுதிகளைப் பிரியுங்கள். நன்னூல் தேர்வோடு முடிந்துவிடும் பாடமன்று.