ஹெரால்டின் பின்சக்கரம் ஏன் மடங்குகிறது?

கேள்வி: மாமனாரின் நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் கொட்டகையில் நிற்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கமாக உள்ளே மடங்குகின்றன. ஆக்ஸில் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் வில்லியனூர் மெக்கானிக். அப்படித்தானா?
– வாசகர், பாகூர்

பதில்: மாற்றுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது! அடிபட்டு வளைந்த ஆக்ஸில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கோணும். இரண்டும் ஒன்றுபோல மடங்கினால் அது பழுதல்ல, வண்டியின் பிறவிக்குணம்.

அம்பாசடரின் பின்சக்கரங்களை ஒரே நீளக் கூடு இணைக்கிறது. தூக்கினாலும் அவை நேராகவே தொங்கும். ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில், அதாவது ஊசலாடும் அரைத்தண்டுகள். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சேசிஸோடு இறுகியிருக்கும். அதிலிருந்து இருபுறமும் செல்லும் தண்டுகள் உள்முனையில் மட்டும் கதவுக் கீல் போல அசையும். சக்கரப் பக்கம் கீல் கிடையாது. ஆகவே தண்டு சரிந்தால் சக்கரமும் கூடவே சாயும். ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால் எதிர்ப்புறமாக, மேல்பக்கம் உள்ளே சாயும்.

ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அசையாதிருக்கவே இந்த ஏற்பாடு. நம் ராணுவத்தின் டாட்ரா லாரிகளிலும் அரைத்தண்டுகள் இப்படித்தான் ஊசலாடுகின்றன. இதில் ஒரு ஆபத்து உண்டு. வேகமாக வளைவில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும். ஏரிக்கரை வளைவுகளில் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

1959இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. பானட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழும் அந்த அழகுக்காகவே பலர் இதைத் தேடுகிறார்கள். 1961 முதல் சென்னையில் தயாரானது. உங்களுடைய நான்கு கதவு வண்டி இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த கெஸல் மாடலில் பின்பக்கத்தை வழக்கமான ஒற்றை ஆக்ஸிலாக மாற்றிவிட்டார்கள். நம் சாலைகளுக்கு அது உறுதியானதுதான். ஆனால் எனக்கு ஹெரால்டுதான் பிடிக்கும்.

ஜாக்கியை இறக்கியதும் சக்கரம் நிமிராது. டயர் தரையைக் கவ்விப் பிடித்திருக்கும். வண்டியைச் சில அடி உருட்டுங்கள், தானே நிமிரும். அதன்பிறகு, ஆளில்லாமல் சமதரையில் நிற்கும்போதே மேல்பக்கம் நன்றாக உள்ளே சாய்ந்திருந்தால் டிஃபரன்ஷியலின் மேல் குறுக்காகக் கிடக்கும் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறது. டயரின் உள்விளிம்பும் சீக்கிரம் தேயும். செலவு செய்வதானால் அந்தப் பட்டைக்குச் செய்யுங்கள்.