திருத்தணியில் ஒரு திருத்தம்: பழைய ராணுவ ஆவணப் பிழையைக் கம்ப்யூட்டர் உதவியுடன் சரி செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பதுதான். படம் பார்ப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் சரி. ஒரு குடும்பத்தின் பென்ஷன் சிக்கலைத் தீர்க்கவும் அதே கம்ப்யூட்டர் உதவும் என்பதை எங்கள் ஊரில் நடந்த ஓர் அனுபவத்தின் மூலம் சொல்லித் தருகிறேன். உங்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் யாரும் இல்லை என்றாலும் படியுங்கள். பெயர்ப் பிழை இல்லாத வீடு நம் ஊரில் குறைவு.

எங்கள் ஊர் திருத்தணி. விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். 1966ல் ராணுவத்தில் சேர்ந்து 1983ல் ஓய்வு பெற்றவர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். இந்தப் பேப்பரை எல்லாம் கொஞ்சம் பாரு. எனக்கப்புறம் இவ ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது" என்றார்.

அவருடைய மனைவி பெயரை, எடுத்துக்காட்டுக்காக, ராஜம்மாள் என்று வைத்துக் கொள்வோம். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மாமாவின் பென்ஷன் பேமென்ட் ஆர்டரில், அதாவது பி.பி.ஓ.வில், ராஜம்மா என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் வரும் ‘எல்’ என்ற ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மாமா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கல்யாணம் ஆனதும் ராணுவத்தில் மனைவி பெயரைப் பதிவு செய்தபோது, வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லி விட்டார். அத்தையோ அரக்கோணம் பக்கம், தமிழ்க் குடும்பம். எல்லைப்புற ஊரில் இது சகஜம்.

கம்ப்யூட்டருக்கு ஏன் இது பெரிய விஷயம்?

ராஜம்மாவும் ராஜம்மாளும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘எல்’லின் எண் 76. ஒரு பெயரில் இந்த 76 இருந்து இன்னொன்றில் இல்லை என்றால், இரண்டும் வேறு வேறு என்றுதான் முடிவு செய்யும். முன்பு பேங்க் மேனேஜருக்குக் குடும்பத்தையே தெரியும். இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷன் விவரங்கள் ‘ஸ்பர்ஷ்’ என்ற ஆன்லைன் சிஸ்டத்திற்கு மாறி விட்டன. குடும்பப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் பி.பி.ஓ.வில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப் போகவில்லை என்றால் தாமதம் வரும். அந்த நாளில் விளக்கம் சொல்ல வேண்டியவர் உயிருடன் இருக்க மாட்டார். மாமாவின் கவலை இதுதான்.

நான் செய்த தவறு

முதல் நாளே நான் அவசரப்பட்டு, "ஆதாரில் அந்த ‘எல்’ எழுத்தை எடுத்து விடலாம், சுலபம்" என்று சொல்லி விட்டேன். அத்தைக்குக் கோபம் வந்து விட்டது. "எங்கப்பா வெச்ச பேரு. அம்பது வருஷமா அப்படித்தான் கையெழுத்துப் போடறேன். கம்ப்யூட்டருக்காக நான் பேரை மாத்திக்கணுமா?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. ஆதாரை மாற்றினால் பான் கார்டு, பாஸ்புக், வாக்காளர் அட்டை மூன்றிலும் புதிதாகப் பிழை உண்டாகியிருக்கும். எந்த ஆவணத்தைத் திருத்த வேண்டும் என்று தெரிந்து கொள்வதற்கு முன் எதையும் திருத்தக் கூடாது. இதுதான் இந்தப் பாடத்தின் மையம்.

இனி வேலையைப் பார்ப்போம். திருத்தணி மலைக்கு 365 படிகள். இதற்கு ஐந்தே படிகள்தான்.

படி 1: ஸ்கேன் செய்து சேமித்தல்

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் நியூ, பிறகு போல்டர் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான், பாஸ்புக், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் 300 டி.பி.ஐ. அளவில், கலரில் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைலாக இதில் சேமித்திடவும். டிஸ்சார்ஜ் புக்கில் எழுதப்படாத பக்கங்களையும் விடாதீர்கள். பைல் பெயரில் வருடம் முதலில் வரட்டும்: "1983 டிஸ்சார்ஜ் புக்" என்பது போல. அப்போதுதான் பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், உங்கள் பைல்களை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வாருங்கள்.

படி 2: ஒப்பீட்டு அட்டவணை

எக்செல் புரோகிராமைத் திறந்திடவும். அது இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். ஏ முதல் எப் வரை ஆறு காலம்களுக்கு இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: ஆவணம், வருடம், வீரர் பெயர், அவர் பிறந்த தேதி, மனைவி பெயர், ஊர் மற்றும் மாவட்டம். ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு வரிசை. இரண்டாவது வரிசையில் டிஸ்சார்ஜ் புக் வரட்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பேப்பரில் உள்ளதை உள்ளபடியே டைப் செய்திடவும். பிழை தெரிந்தாலும் நீங்களாகத் திருத்த வேண்டாம். ஆங்கிலப் பெயர்களை முழுவதும் பெரிய எழுத்தில் அமைத்திடவும். இரண்டு, தேதி காலம்மைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று, டெக்ஸ்ட் என மாற்றிய பிறகு தேதியை டைப் செய்திடவும். இல்லையேல் எக்செல் நாளையும் மாதத்தையும் தன் இஷ்டப்படி மாற்றிக் காட்டி, இல்லாத பிழையை உண்டாக்கி விடும்.

இப்போது மனைவி பெயர் உள்ள ஈ காலம்மை ஒப்பிடுவோம். ஜி3 செல்லில் இந்தப் பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும்:

=எக்ஸாக்ட்(ஈ$2,ஈ3)

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ‘ட்ரூ’ என வரும். இல்லையேல் ‘பால்ஸ்’ என வரும். டாலர் குறி எதற்கு என்றால், செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கும்போது இரண்டாவது வரிசை மாறாமல் இருப்பதற்காக. ஒன்றாகத் தெரிந்தும் பால்ஸ் என வந்தால், எங்கோ ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருக்கலாம். ‘லென்’ பங்ஷன் எழுத்துகளை எண்ணிச் சொல்லும். ராஜம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் 7, ராஜம்மாள் என்பதற்கு 8.

படி 3: எது பிழை, எது பிழை இல்லை?

மாமாவின் அட்டவணையில் மனைவி பெயரில் டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ.வும் ஒரு பக்கம், மற்ற நான்கும் மறுபக்கம். மாவட்டத்திலும் பால்ஸ் வந்தது. டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த ஊர் திருத்தணி, சித்தூர் மாவட்டம். ஆதாரில் திருவள்ளூர் மாவட்டம். மாமா பதறி விட்டார். ஆனால் இது பிழையே இல்லை. அவர் 1947ல் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1953ல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் போனது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. எனவே இந்த வரிக்கு எதிரே "திருத்தம் தேவையில்லை" என்று டைப் செய்தேன்.

பிறந்த தேதிக் குழப்பமும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் அதிகாரப்பூர்வமான பிறந்த தேதி 1888 செப்டம்பர் 5. 1962 முதல் அந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் உண்மைத் தேதி 1887 செப்டம்பர் 20 ஆக இருக்கலாம் என்று அவரே கருதியதாக, அவர் மகன் சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

படி 4: மூல ஆவணத்தைக் கண்டுபிடித்தல்

எது எதிலிருந்து காப்பி செய்யப்பட்டது என்று பாருங்கள். பி.பி.ஓ.வில் உள்ள பெயர் வீரரின் சர்வீஸ் ரெக்கார்டிலிருந்து வந்தது. அந்த ரெக்கார்டு இருப்பது அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் உள்ளது. மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்புக்குப் பெங்களூரு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர். விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க். பேங்கில் போய்ச் சொன்னால் பாஸ்புக்தான் மாறும், மூலம் மாறாது.

மூலமே இரண்டு இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஜெனரல் வி.கே.சிங் வழக்கு. பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்தது 1951 மே 10. 1965ல் ராணுவ அகாடமிக்கான விண்ணப்பத்தில் 1950 என்று எழுதப்பட்டு விட்டது. பிறகு ராணுவத் தலைமையகத்தின் ஒரு கிளையில் 1951 என்றும், இன்னொரு கிளையில் 1950 என்றும் பதிவு இருந்தது. அவர் ராணுவத் தளபதி ஆன பிறகும் இது தீரவில்லை. 2012ல் சுப்ரீம் கோர்ட் வரை சென்று, பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். 1950 என்ற கணக்கின்படியே அந்த ஆண்டு மே 31ல் ஓய்வு பெற்றார். டேட்டாபேஸ் பாடத்தில், ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று எங்களுக்குச் சொல்லித் தருவது இதற்காகத்தான். பிழையைத் தெரிந்த உடனே திருத்த வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

படி 5: கடிதம் தயாரித்தல்

வேர்டு அல்லது ரைட்டரில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலே சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண். பிறகு ஒரு சிறிய டேபிள்: "இப்போது உள்ளது", "இருக்க வேண்டியது", "ஆதாரம்". கீழே இணைப்புகளின் பட்டியல். ஒரு கடிதத்தில் ஒரு திருத்தம் மட்டும் கேளுங்கள்.

பெயர்த் திருத்தத்திற்குப் பொதுவாக உறுதிமொழிப் பத்திரமும் அடையாள ஆவணங்களின் நகல்களும் கேட்பார்கள். சரியான பட்டியலை உங்கள் ரெக்கார்டு ஆபீஸிலோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ முதலில் கேட்டு விடுங்கள். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைத் தபாலில் அனுப்பாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் ஸ்கேன் செய்து அதே போல்டரில் போடுங்கள்.

ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக் கொண்டால் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் மாற்றத்தை வெளியிடும். அதன் அடிப்படையில் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. வெளியிடும். அதை ஸ்பர்ஷ் தளத்தில் லாகின் செய்து பார்க்கலாம். கூகுளில் தேடிப் போகும்போது தள முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று கவனியுங்கள். போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் சொந்த சர்வீஸ் ரெக்கார்டின் நகலையும் கேட்கலாம். கடைசி வழி, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே உள்ளது.

பேக்கப் மறக்காதீர்கள்

எல்லாம் முடிந்ததும் அந்தப் போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து, வேறு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வீரர்களின் பைல்கள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, மைக்ரோபிலிமும் இல்லை. பின்னர் சலுகை கேட்டு வந்த வீரர்களுக்கு அவரவர் வீட்டில் வைத்திருந்த காகிதமும் ஒரு சாட்சியாக உதவியது. உங்கள் ஸ்கேன் பைலும் ஒருநாள் அப்படி உதவலாம்.

மாமாவின் கடிதம் போய் ஏழு மாதங்கள் கழித்துத் திருத்திய பி.பி.ஓ. வந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, "என் பேரு எங்க இருக்கு?" என்றார். ஜூம் செய்து காட்டினேன். கடைசி எழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நாள்?" என்று சொல்லி உள்ளே போனார். மாமா மட்டும், "ரெண்டு காப்பி பிரின்ட் போடு தம்பி. ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு இவ கைக்கு" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆவணங்களை எடுத்து, இரண்டாவது படி வரையிலாவது செய்து பாருங்கள். ஒரு பால்ஸ் வந்தாலும், விளக்கம் சொல்லக் கூடியவர் பக்கத்தில் இருக்கும்போதே அதைத் திருத்தும் வேலையைத் தொடங்கி விடுங்கள்.