கொம்யூன் ஏடுகளில் பூர்வீகம் தேடுதல்

தன் முன்னோர் யாவர், எவ்வூரினின்று வந்தவர், என்ன தொழில் செய்து பிழைத்தவர் என்று அறிய விரும்பும் அமெரிக்கர் ஒருவருக்கு முதற்றுணையாக நிற்பது, அந்நாட்டில் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் ஜனக்கணக்கு. 1790இல் தொடங்கிய அக்கணக்கு 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே தாங்கி நின்றது. 1850இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் அதில் இடம்பெற்றது. அடிமைகளாயிருந்தோரோ 1850, 1860 ஆகிய இரண்டு கணக்குகளிலும் வயது, பால், நிறம் என்னும் அடையாளங்களாக மாத்திரம் எழுதப்பட்டு, விடுதலை பெற்றபின் 1870இல்தான் பெயருள்ள மனிதராயினர். 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் அழிந்தது. இத்தனை குறைகளிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பமொன்றை வீடுவீடாகப் பின்தொடர அக்கணக்கு அவர்களுக்கு வழியாயிருக்கிறது.

நம் நாட்டிலே சென்னை ராஜதானியில் 1871இல் ஜனக்கணக்கு எடுக்கப்பட்டது. 1881 முதல் தேசமெங்கும் ஒரே காலத்தில் எடுக்கும் முறை நிலைபெற்றது. ஆயினும் தொகைகளைக் கூட்டி அறிக்கைகள் அச்சானபின், வீடுதோறும் எழுதிய தாள்களைப் பேணி வைக்கும் வழக்கம் ஏற்படவில்லை. ஆகையால் ஒரு தாலுகாவில் எத்தனை பேர் இருந்தனர் என்பதை நாம் அறியலாமேயன்றி, நம் பாட்டனார் எந்த வீட்டில் யாருடன் வாழ்ந்தார் என்பதை அறிய இயலாது. இந்நிலையில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர், வில்லியனூர் முதலிய புதுவைக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் தனியொரு பாக்கியம் வாய்த்திருக்கிறது. எத்தா சிவில் என்று எங்கள் பெரியோர் சொல்லிவந்த ஜனன, விவாக, மரணப் பதிவேடுகளே அது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த பாகூர்க் குடியானவர் மரபில் வந்த நான், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த ஏடுகளைத் துணையாகக் கொண்டு என் வம்சாவளியைத் தேடினேன். அத்தேடலிற் கற்றவற்றை, இவ்வழியே வர நினைப்பவர்களுக்குப் பயன்படுமென்னும் நம்பிக்கையோடு இங்கே எழுதுகிறேன்.

முதலாவதாக, தேடலைக் கச்சேரியில் தொடங்காமல் வீட்டில் தொடங்கவேண்டும். முதியோர் சொல்லும் செய்திகளையும், பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், ஜாதகக் குறிப்பு ஆகியவற்றையும் ஒருங்கே சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நம் முதியோர் ஆங்கில ஆண்டைச் சொல்வதில்லை. “தாது வருஷப் பஞ்சத்திலே கைக்குழந்தை” என்றுதான் சொல்வார்கள். அறுபதாண்டுச் சக்கரத்தில் ஒரு வருஷத்தின் பெயர் மீண்டும் மீண்டும் வருமாதலால், தாது என்பது 1816ஆகவும் இருக்கலாம், 1876ஆகவும் இருக்கலாம்; பஞ்சம் என்ற சொல் உடனிருப்பதாலேயே அது 1876 சித்திரையில் தொடங்கிய தாது என்று துணிகிறோம். ஆகையால் முதியோர் வாக்கைக் கேட்கும்போது வருஷத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அப்போது நடந்தது வெள்ளமா, பஞ்சமா, தேர்த் திருவிழாவா என்று உடன்நிகழ்ச்சியையும் கேட்டு வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

இரண்டாவதாக, நம் கிராமம் எந்தக் காலத்தில் எந்தக் கொம்யூனுக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சியின் உள்ளாட்சிப் பிரிவுக்கு, உட்பட்டிருந்தது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையினால் புதுச்சேரிப் பிரதேசத்தில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்கு கொம்யூன்களே அமைந்தன. 1907இல் அவை எட்டாக விரிந்தபோது அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் ஆகியவை தனிக் கொம்யூன்களாயின. ஆகவே இன்று ஒரு கொம்யூனைச் சேர்ந்ததாக நாம் அறியும் ஊரின் பழைய பதிவு, வேறொரு கொம்யூனின் ஏட்டில் கிடக்கக்கூடும். “எங்கள் ஊர் ஏட்டில் அப்படியொரு பெயரே இல்லை” என்று மனம் தளர்ந்து திரும்புவோர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுட் பலருக்குத் தேவைப்பட்டது அடுத்த கொம்யூனின் ஏடுதான்.

பதிவு முறையின் வரலாற்றையும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1880க்கு முன்னரே பதிவுக்கான ஏற்பாடுகள் இருந்தன எனினும், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் பதிவு, விவாகப் பகுதிகள் இந்தியர்களுக்கும் உரியன என்று விதித்தது 1880 ஏப்ரல் 24ஆம் தேதி ஆணை. ஏடுகள் ஒரே பிரதியாக எழுதப்பட்டவையல்ல. ஒன்று ஊரிலேயே தங்க, மற்றொன்று நீதிமன்றத்துக்குச் செல்லும். காலனி நாடுகளின் பதிவுகளுக்கு, 1776 ஜூன் மாதத்தில் பதினாறாம் லூயி மன்னர் பிறப்பித்த கட்டளைப்படி, பிரான்சுக்கு அனுப்பப்பட்ட பிரதியொன்றும் உண்டு. இன்று அப்பிரதிகள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சிந்தியாவின் பழைய ஏடுகளிற் பலவற்றை அக்காப்பகம் இணையத்தில் படங்களாக வெளியிட்டிருக்கிறது. ஊரிலுள்ள பிரதியைக் கரையான் அரித்திருந்தாலும் கடலுக்கப்பாலுள்ள பிரதி பிழைத்திருக்கக்கூடும் என்பதை மறவாதிருங்கள். புதுச்சேரி ஜீவானந்தபுரத்திலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு நிலையமும் பிரெஞ்சு ஆட்சிக் காலக் காகிதங்களைத் தேடுவோர் அறிந்திருக்கவேண்டிய இடம்.

இனி, ஏட்டைத் திறந்ததும் எதிர்ப்படும் முதற் கஷ்டம் எழுத்து. ஆண்டிறுதி அட்டவணையிலும் பத்தாண்டு அட்டவணையிலும், குடும்பப் பெயர் என்பதில்லாத நம்மவர் சொந்தப் பெயராலேயே வரிசைப்படுத்தப்பட்டிருப்பர். ஆனால் அப்பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பின்படி எழுதப்பட்டவை. கந்தசாமி, கனகசபை, குப்புசாமி ஆகியோரை நாம் ‘கே’ எழுத்தின் கீழே தேடுவோம். அவர்கள் பெரும்பாலும் ‘சி’ எழுத்தின் கீழே காத்திருப்பார்கள். உகரத்துக்கு ‘ஓ’, ‘யு’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தெழுதுவது அவர்கள் வழக்கம். எழுதிய குமாஸ்தாவின் செவிக்கேற்ப ஒரே மனிதரின் பெயர் ஜனனப் பதிவில் ஒருவிதமாகவும் விவாகப் பதிவில் வேறுவிதமாகவும் அமைந்திருக்கும். ஆதலால் ஒரு பெயரைத் தேடப் புகுமுன், அது எவ்வெவ்விதமாக எழுதப்படக்கூடுமோ அத்தனை வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வயதைப் பொறுத்தவரையில், மரணப் பதிவிலுள்ள எண்ணை உத்தேசமாகவே கொள்ளவேண்டும். துக்கம் கேட்க வந்த பங்காளியோ அண்டை வீட்டாரோ மதிப்பிட்டுச் சொன்ன வயது அது. நம்பத்தக்கது ஜனனப் பதிவே. அது கிட்டாத இடத்தில், உடன்பிறந்தோரின் பதிவுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், நாம் தேடுபவர் எந்த இடைவெளியில் பிறந்திருக்கக்கூடும் என்பது தெரியவரும்.

இவற்றினும் பெரிய சங்கடமொன்று உண்டு. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபாதலால், இரண்டு பெயர்களே தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வரும். பங்காளி வீடுகளிலும் அதே பாட்டன் பெயரை இடுவதால், ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே தகப்பன் பெயரோடு இருவர் மூவர் நிற்பர். என் முப்பாட்டனார் இன்னாரென்று துணியமுடியாமல் நான் நெடுநாள் தயங்கி நின்றது இக்காரணத்தினாலேயே. அந்தத் தயக்கத்தை நீக்கியது எந்த ஆண்பிள்ளையின் பெயருமன்று. அவருடைய தாயாரின் பெயர்.

இதுவே என் தேடல் எனக்களித்த முதன்மையான பாடம். எங்கள் வீட்டில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம், அந்த ஆண்களைப் பெற்ற தாய்மார் யாவரென்று கேட்டால், “ஆயா” என்றும் “பெரிய ஆயா” என்றும் “வில்லியனூர்ப் பக்கத்து ஆயா” என்றும் உறவுமுறை மாத்திரம் கிடைக்குமேயன்றிப் பெயர் கிடைக்காது. திருமணமாகி வந்த நாள் முதல் இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய் என்று வழங்கப்பட்டு, மூன்றாந் தலைமுறையில் பெயரற்றவராகிவிடுவது நம் கிராமத்துப் பெண்களுக்கு நேர்ந்த கதி. ஏடோ அப்படிச் செய்யவில்லை. ஜனனப் பதிவு குழந்தையின் தாயைப் பெயரிட்டுச் சொல்கிறது. விவாகப் பதிவு மணமகளின் தந்தையையும் தாயையும் அவர்கள் இருந்த ஊரையும் சொல்கிறது. மரணப் பதிவு, அறிந்த அளவில், இறந்தவளின் பெற்றோரைச் சொல்கிறது. வில்லியனூர்ப் பக்கத்து ஆயா என்று மட்டும் நாங்கள் அறிந்திருந்த அம்மூதாட்டியின் பெயர் அவ்வாறுதான் எங்களுக்குக் கிடைத்தது. அப்பெயரைப் பற்றிக்கொண்டு அவருடைய தகப்பனார் வீட்டையும், உடன்பிறந்தாரையும், இன்று அவ்வூரில் வாழும் உறவினரையும் கண்டடைந்தோம். ஒரே பெயருடைய ஆண்களுக்கிடையே வழிகாட்டுபவள் தாய். வம்சத்தின் கதவுகள் ஊருக்கு வெளியே திறப்பதும் அவளால்தான். ஆகையால், தேடும்போது ஆண் வழியில் ஒரே நேர்க்கோடாகச் செல்லாமல், ஒவ்வொரு படியிலும் நின்று, இவளைப் பெற்றவர் யாவர் என்று கேட்டுச் செல்லுங்கள்.

பதிவை முழுதும் படிக்கவேண்டும் என்பது அடுத்த பாடம். நாம் தேடிய பெயரைக் கண்டதும் அகமகிழ்ந்து ஏட்டை மூடிவிடலாகாது. மரணத்தை அறிவித்தவர் யார், விவாகத்துக்குச் சாட்சியாக நின்றவர் யார், அவர்தம் தொழில் யாது, உறவு யாது, ஓரத்தில் பின்னர் எழுதிச் சேர்த்த குறிப்பு யாது என்பவற்றையெல்லாம் பெயர்த்தெழுத வேண்டும். தாய்மாமனும் சம்பந்தியும் பங்காளியும் சாட்சிகளாகவே அங்கே வந்து நிற்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பத்திரத்தின் அடியிலே சிலர் தமிழில் கையொப்பமிட்டிருப்பதையும் காணலாம். படமோ பொருளோ எதுவும் விட்டுச்செல்லாத குடியானவர் ஒருவரின் கையெழுத்தை, நூறாண்டுக்குப்பின் அவருடைய வழித்தோன்றல் காணும்போது உண்டாகும் உணர்ச்சிக்கு நான் வேறெதையும் ஈடாகச் சொல்லமாட்டேன்.

புதுவைக் கிராமங்கள் தென்னார்க்காட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை; ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சு மண் முடிந்து பிரிட்டிஷ் மண் தொடங்கிவிடும். கடலூர்ப் பக்கத்துக்குப் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் அந்த எல்லை தடுத்ததில்லை. 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தபின் அப்போக்குவரத்து மேலும் பெருகிற்று. எனவே ஒரு பெண்ணின் ஜனனம் ஏட்டில் இல்லையெனில், அவள் எல்லைக்கு அப்பாற் பிறந்தவளோ என்று அவளுடைய விவாகப் பதிவைக் கொண்டு சோதித்து, அவ்வூருக்கு நேரே சென்று, கோயிலையும் முதியோரையும் பழைய பத்திரங்களையும் நாடுவதே வழி. பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் நொத்தேர் என்னும் அதிகாரியின் முன்னிலையில் எழுதப்பட்ட பாகப்பிரிவினைகளும் கிரயங்களும், சொத்து யார் வழியாக யாரிடம் வந்தது என்பதை விரித்துரைப்பதால், பதிவேடு மௌனமாயிருக்குமிடத்திலும் பேசக்கூடியவை.

ஒரு குடும்பம் திடீரென்று ஏட்டினின்று மறைந்துவிட்டதாகத் தோன்றினால், பெயர் மாற்றத்தை நினைவுகூருங்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, தம் பழைய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழி வகுத்தது. அவ்வாறு துறந்தோர் புதிதாக ஒரு குடும்பப் பெயரை மேற்கொண்டனர். காலணி அணிந்து நீதிமன்றத்தில் வாதாடத் தமக்குள்ள உரிமைக்காக 1873இல் போராடிய வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, லப்போர்த் என்னும் பெயரை ஏற்று இவ்வியக்கத்துக்கு முன்னின்றவர். துறவுரைப் பத்திரத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்குமாதலால், அறுந்த இழையை மீண்டும் இணைக்க உதவுவது அதுவே.

கடல் கடந்தோரும் பலர். 1853இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவை அடைந்தது. ரீயூனியன், குவாதலூப், கயானா ஆகிய இடங்களுக்கும் பிறகு சைகோனுக்கும் நம்மவர் சென்றனர். தோட்டங்களுக்குச் சென்றவர்களைப் பதிவெண்ணால் குறித்த ஏடுகள் அத்தீவுகளில் இருந்தன. ஆனால் புதுச்சேரித் துறைமுகத்தில் ஏறியவர் அனைவரும் புதுச்சேரியார் அல்லர் என்பதை, அங்கிருந்து வேர்களைத் தேடி நம் ஊருக்கு வரும் அன்பர்களுக்கு நாம் பரிவோடு எடுத்துச் சொல்லவேண்டும். வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்னர், பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நிலைத்த குடும்பங்களின் பிற்காலப் பதிவுகளைப் பிரான்சிலுள்ள நாந்த் நகரத்துப் பதிவு நிலையத்தில் விசாரிக்கவேண்டும். பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்த சொல்தாக்களின் குடும்பத்தார் பலர் அவ்வழியை நன்கறிவர்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஏடு உண்மைகளைச் சொல்லும்போது நமக்கு உவப்பானவற்றை மட்டும் சொல்வதில்லை. ஜாதியும், இரண்டாந்தாரமும், தகப்பன் பெயரில்லாத குழந்தையும், அடுத்தடுத்து மாண்ட சிசுக்களும் அங்கே வரும். கண்டதை மறைக்காமல் நம் குறிப்பில் எழுதுவது கடமை; அதைக் கொண்டு உயிரோடிருப்பவர் ஒருவரையேனும் தாழ்த்திப் பேசாதிருப்பது அதனினும் பெரிய கடமை. ஒவ்வொரு செய்திக்கும் எந்தக் கொம்யூன், எந்த ஆண்டு, எத்தனையாவது பதிவு என்று உடனே எழுதி வைத்தால், நமக்குப்பின் வருபவர் அதைச் சோதித்து மேலே செல்லலாம்.

இவ்வளவும் சொன்னபின் என் வேண்டுகோள் ஒன்றே. ஏடுகள் காப்பகங்களில் இருக்கும். இன்றில்லாவிட்டால் நாளை பார்க்கலாம். அவற்றின் பெயர்களை இன்ன வீடு, இன்ன முறை என்று பொருத்திக் காட்டவல்ல முதியோர் நாளையும் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். கேட்டெழுதும் தாளில் பாட்டன்மாரின் பெயர்களுக்கு முன்பாகப் பாட்டிமாரின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊரையும், அவர்களைப் பெற்றவர்களையும் எழுதுங்கள். அடிமைப்பட்டிருந்தோரைப் பெயரின்றி எழுதிய ஜனக்கணக்கை அநீதியென்று நாம் எளிதில் உணர்கிறோம். நம் சொந்த வம்சாவளியில் தாய்மாரைப் பெயரின்றி விட்டிருப்பதும் அநீதியே. அதைத் திருத்தும் வசதி பாகூரிலும் வில்லியனூரிலும் பிறந்த நமக்கு வாய்த்திருக்கும்போது, திருத்தாமலிருப்பதற்கு நியாயமில்லை.