ஆறடி இரண்டங்குல ஆளுக்கு வேனில் ஒரு படுக்கை

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவனின் அனுபவப் பாடம்)



"படுக்கைக்கு எல்லாம் ஒரு டிசைனா? பாயை விரிச்சா ஆச்சு" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பெரியப்பா கிருஷ்ணகிரியில் சொந்தமாக ஒரு பழைய டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறார். டிரைவரைச் சேர்க்காமல் 13 சீட். ஷீரடி, காசி, தர்மஸ்தலம் என்று யாத்திரை ட்ரிப். அவர் உயரம் 6 அடி 2 அங்குலம், அதாவது 188 செ.மீ. நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ. என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சராசரியை வைத்துச் செய்த சீட்டில் சராசரியை விட முக்கால் அடி உயரமான மனுஷன் எப்படிப் படுப்பார்?

ட்ரிப் போகிற ஊரில் பயணிகள் எல்லாம் லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். டிரைவருக்கு வண்டிதான் லாட்ஜ். ஓட்டல், லாட்ஜ்களில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளில் திருத்தம் கொண்டு வந்தது. நல்ல காரியம். ஆனால் பெரியப்பா போகிற பாதியிடங்கள் தமிழ்நாட்டிலேயே இல்லையே! பின்சீட்டில் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு இறால் மாதிரி சுருண்டு படுத்து, இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பார். அப்படி இரண்டு ராத்திரி கழித்துத் திரும்பும்போது, சித்ரதுர்கா தாண்டி விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. டயர் சென்டர் மீடியனில் உரசியது. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா, "வண்டியை வித்துட்டு சிப்காட்ல வாட்ச்மேன் வேலைக்குப் போங்க" என்று அழுதார். பெரியப்பா பதிலே பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதாச்சும் இருக்காடா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எங்கள் மூன்று பேரின் ப்ராஜெக்ட் ஆனது.

முதலில் அளவு. நின்றால் 188 என்பதால் படுக்கை 188 போதும் என்று நினைத்தால் அங்கேயே தப்பு. மல்லாந்து படுக்கும்போது பாதம் நேராக நிற்காது, முன்பக்கம் சாய்ந்து விரல் நீளும். அதற்கு 7 செ.மீ. தலைக்கு மேலே சுவரில் இடிக்காமல் இருக்க 5 செ.மீ. ஆக 200 செ.மீ. வேண்டும். குள்ளமானவருக்கும் இதே 12 சென்டிமீட்டரைக் கூட்டத்தான் வேண்டும். ஒருக்களித்துக் காலை மடக்கிப் படுப்பவருக்கு நீளம் குறையும், அகலம் கூடும். ஆகவே ஆளை நிற்க வைத்து மட்டும் அளக்காதீர்கள், தரையில் படுக்க வைத்துச் சாக்பீசால் கோடு போட்டு அளந்து பாருங்கள். பெரியப்பாவை எங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துக் கோடு போட்டபோது தெருவே கூடிவிட்டது!

அடுத்தது வண்டி. உள்ளே சுவருக்குச் சுவர் 173 செ.மீ. ஒரு பக்கம் இரட்டை சீட், மறுபக்கம் ஒற்றை சீட், நடுவில் 36 செ.மீ. நடைபாதை. கடைசியில் முழு அகலத்துக்கும் ஒரு நீள சீட். அதன் ஆழம் 48 செ.மீ. அந்தச் சீட்டின் சாய்மானத்தை, இரண்டு பின்னைக் கழற்றினால், பின்னால் இருக்கும் லக்கேஜ் இடத்தின் மேல் மட்டமாகச் சாய்த்துவிடலாம். அது 58 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 173-க்கு 106 செ.மீ. ஒரு மேடை கிடைக்கிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி 1951-லேயே படுக்கை வைத்த காலத்திலிருந்து, வேனில் குறுக்கே படுப்பதா நீளவாட்டில் படுப்பதா என்பது பழைய பஞ்சாயத்து. குறுக்கே படுத்தால் இடம் மிச்சம், ஆனால் வண்டியின் அகலம்தான் எல்லை. இன்றைக்கு ஐரோப்பாவில் கேம்பர் வேனுக்கு ஃபியட் டுகாட்டோ அதிகம் விரும்பப்படுவதற்கு ஒரு காரணமே அதன் அகலம்தான். வெளியே 2.05 மீட்டர் இருப்பதால் சாதாரண உயரக்காரர் குறுக்கே படுக்க முடிகிறது. அங்கேயும் ஆறடிக்கு மேற்பட்டவர்கள் பக்கச் சுவரை வெட்டி வெளியே புடைத்த மாதிரி ஒரு கூடு பொருத்திக்கொள்கிறார்கள். நம்மால் அது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே சுவரை வெட்டுவதில்லை, சீட்டைக் கழற்றுவதில்லை, வண்டியில் எதையும் வெல்டு வைப்பதில்லை, தூக்கி எடுக்கக்கூடிய பலகை மட்டும்தான் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டோம்.

இப்போது எங்கள் முதல் மண்டைத்தனத்தைச் சொல்கிறேன். மேடை 173-க்கு 106. மூலைவிட்டம் எவ்வளவு? பித்தாகரஸ் தேற்றப்படி 203 செ.மீ.! தேவை 200. "மூணு சென்டிமீட்டர் மிச்சம்டா" என்று குதித்தோம். பெரியப்பாவைக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னோம். தலை ஒரு மூலையில் முட்ட, கால் எதிர் ஜன்னலில் முட்ட, முழங்கால் மேலே எழும்பி நின்றது. "உங்க கணக்குல நான் நூல் மாதிரி இருக்கேன் போல" என்றார்.

உண்மையும் அதுதான். மூலை என்பது ஒரு புள்ளி. மனுஷன் தலையும் பாதமும் புள்ளி இல்லை. இரண்டு முனையிலும் ஆளுக்கு 25 செ.மீ. அகலமாவது உண்டு. 25 செ.மீ. அகலமுள்ள பட்டை ஒன்றை அந்தச் செவ்வகத்துக்குள் சாய்த்து வைத்தால் எவ்வளவு நீளம் கொள்ளும்? பட்டையின் நீளம் எல், சாய்வு தீட்டா என்று வையுங்கள். எல் காஸ் தீட்டா கூட்டல் 25 சைன் தீட்டா, 173-க்கு மிகக் கூடாது. எல் சைன் தீட்டா கூட்டல் 25 காஸ் தீட்டா, 106-க்கு மிகக் கூடாது. இரண்டையும் தீர்த்தால் தீட்டா சுமார் 27 டிகிரி, எல் சுமார் 182 செ.மீ. அவ்வளவுதான்! 30 சென்டிமீட்டர் லாபம் என்று நினைத்தது வெறும் 9. இதை விட வேடிக்கை, கொஞ்சமாகச் சாய்த்தால் லாபமே இல்லை, நஷ்டம். 5 டிகிரி சாய்த்தால் 173 இருந்தது 171.5 ஆகிறது. 180-க்கு 60 செ.மீ. கட்டிலில் கோணலாகப் படுத்தால் நீளம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கட்டிலுக்கு 73 செ.மீ. அகலம் வந்த பிறகுதான் போட்டதாவது கைக்கு வரும், லாபம் அதற்கு மேல்தான்.

குறுக்கே போச்சு, கோணலும் போச்சு. ஒரு வாரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு திண்ணையில் போட்ட சாக்பீஸ் கோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆள் செவ்வகம் இல்லை! தோள் 48 செ.மீ., கால்கள் இரண்டும் சேர்ந்து 33 செ.மீ. மேலே அகலம், கீழே குறுகல். நம் வேனிலும் அதே உருவம் இருக்கிறதே! பின்னால் அகலமான மேடை, அதிலிருந்து முன்னால் போகும் 36 செ.மீ. நடைபாதை. தலையும் முதுகும் மேடையில் நீளவாட்டில் 106 செ.மீ., கால்கள் நடைபாதையில் ஒரு பலகையின் மேல் 100 செ.மீ. மொத்தம் 206. கேட்டதற்கு மேலேயே 6.

இன்னொரு வசதியும் கிடைத்தது. பலகையின் உயரத்தைப் பக்கத்து சீட் குஷன் உயரத்துக்கே வைத்தால், சாய்மானங்கள் நிற்கும் இடம் தவிர மற்ற இடத்தில் காலை அகட்டிப் போட்டுக்கொள்ளலாம். அவர் மல்லாந்து படுக்கிறவர் என்பதால் இது பொருந்தியது. ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு முழங்கால் சாய்மானத்தில் இடிக்கும். அவருக்கு வேறு ஏற்பாடுதான் செய்ய வேண்டும்.

பலகை செய்தோம். அதிலும் ஒரு அடி வாங்கினோம். பெரியப்பா எடை 85 கிலோ. இரண்டு காலும் சேர்ந்து உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 30 கிலோ. அந்தக் கணக்கில் 12 எம்.எம். பிளைவுட், 36 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் ஸ்பான். வளைவு 12 எம்.எம். வந்தது, பரவாயில்லை என்று விட்டோம். முதல் ராத்திரி நன்றாகத் தூங்கினார். காலையில் எழுந்தவர் என்ன செய்வார்? எல்லோரையும் போலப் படுக்கையின் நடுவில் உட்கார்ந்து சோம்பல் முறித்தார். 85 கிலோவும் நடு ஸ்பானில்! பலகை ஐந்தரை சென்டிமீட்டர் வளைந்து, முன் காலின் கீல் ஸ்க்ரூ படார் என்று பிய்ந்து வந்துவிட்டது. கட்டிலில் படுக்கிறவன் அதில் உட்காரவும் செய்வான் என்பது எந்தப் பரீட்சையிலும் எங்களைக் கேட்காத கேள்வி.

திருத்தினோம். பிளைவுட்டுக்கு அடியில் 25 எம்.எம். சதுரக் குழாய், 2 எம்.எம். கனம், நீளவாட்டில் இரண்டு. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? நடுவில் ஒற்றைச் சுமை என்றால் வளைதிருப்புத்திறன் பி எல் பை நாலு. 834 நியூட்டனுக்கு 208 நியூட்டன் மீட்டர். குழாய் ஒன்றுக்குப் பாதி. தகைவு 80 மெகா பாஸ்கல். பொத்தென்று உட்கார்ந்தால் இரண்டு மடங்கு என்று வைத்தாலும் 160தான். சாதா இரும்பு 250 வரை தாங்கும். வளைவு 3 எம்.எம்.-க்குள் நின்றது. பலகை மொத்தம் ஏழு கிலோ, ஒரு கையால் தூக்கலாம். பின்முனை நீள சீட்டின் சட்டத்தில் கொக்கி மாதிரி மாட்டும், முன்முனையில் மடிக்கிற கால் இரண்டு. பாகலூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை அண்ணன் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். அவர் சொன்ன ஒரே யோசனை, "தம்பி, முனையெல்லாம் ரவுண்டு பண்ணுங்க, இருட்டுல முழங்கால் கிழியும்". புத்தகத்தில் இல்லாத வரி.

மேலே போடும் ஃபோமில் கஞ்சத்தனம் வேண்டாம். 32 டென்சிட்டியில் நாலு அங்குலம் போட்டோம். மேடைக்கும் பலகைக்கும் நடுவே மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் இடுப்பில் தெரிகிறது. சீட் குஷன் அழுந்தும், பலகை அழுந்தாது. ஆகவே பலகையை ஆள் படுத்த பிறகு இருக்கும் மட்டத்துக்கு வைக்க வேண்டும். இரண்டு தடவை காலை அறுத்துத்தான் சரிசெய்தோம்.

காற்று விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதிரெதிர் ஜன்னல் இரண்டு, இரண்டு அங்குலம் திறந்தே இருக்க வேண்டும். கொசுவுக்கு வலை ஒட்டிக்கொள்ளலாம். குளிருது, புழுங்குது என்று என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிப் படுக்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வண்டியை நிறுத்தும்போது தலைப்பக்கம் மேடாக இருக்கட்டும். நம் அமைப்பில் தலை பின்னால் இருப்பதால் வண்டியின் பின்பக்கம் மேட்டில் நிற்க வேண்டும். வண்டி ஓடும்போது இந்தப் படுக்கையில் யாரையும் படுக்க விடக்கூடாது, பெல்ட்டும் கிடையாது பிடிப்பும் கிடையாது.

பலகை தயாரான பிறகு பெரியப்பா ஷீரடிக்கு நாலு ட்ரிப் போய்வந்துவிட்டார். முதல் ட்ரிப்பில் கோலாப்பூரிலிருந்து ராத்திரி போன் பண்ணி, "டேய், கால் நீட்டிட்டேன்டா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பெரியம்மா வாட்ச்மேன் பேச்சை இப்போது எடுப்பதில்லை.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. பகலில் பலகையை இரட்டை சீட்டுக்கு அடியில் தள்ளி வைக்கிறோம். போன ட்ரிப்பில் காவேரிப்பட்டினத்து ஆயா ஒருவருக்குக் குதிகாலில் இடித்து, சூளகிரி வரை பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாராம். பலகையை இரண்டாக மடித்துப் பின்னால் லக்கேஜ் இடத்தில் நிறுத்தலாம் என்று பார்க்கிறோம். மடிப்பு வந்தால் நடு ஸ்பானில் கீல் வரும், வளைதிருப்புத்திறன் அதிகமாக இருப்பதும் அதே இடத்தில்தான். ஜூனியர் தம்பிகள் யாருக்காவது யோசனை இருந்தால் மெஷின் ஷாப் பக்கம் வந்து சொல்லுங்கள், சாயங்காலம் அங்கேதான் இருப்போம்.