தானியங்கி மோட்டாரில் துடுப்புப் பிடிகளின் பயன்

மோட்டார் வண்டி ஓட்டுதல் இக்காலத்தில் எளிய தொழிலாகி வருகின்றது. இடக்காலால் க்ளட்சை மிதித்தும் இடக்கையாற் கியரை மாற்றியும் வருந்தும் நிலை மெல்ல மெல்ல நீங்க, தனக்கு வேண்டும் கியரைத் தானே தேர்ந்துகொள்ளும் தானியங்கி வண்டிகள் நம் நாட்டிற் பெருகியுள்ளன. இவற்றுட் பலவற்றில் ஸ்டியரிங் சக்கரத்தின் பின்புறம், வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக, விரல் எட்டுமிடத்தில் இரண்டு சிறு தகடுகள் அமைந்துள்ளன. அவை பேடில் ஷிஃப்டர் எனப்படும். துடுப்பின் பெயரால் வழங்கப்பெறுதலின் யாம் அவற்றைத் துடுப்புப் பிடிகள் என்போம். இவற்றைத் தீண்டாதே விடுவோரும் உளர்; விரைந்து செல்லுதற்கென்றே அமைந்தவை எனக் கருதுவோரும் உளர். இவற்றின் தலையாய பயன் விரைதலன்று, அடக்கி ஓட்டுதலே என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிடிகள் பந்தயக் களத்திற் பிறந்தவை. 1989 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரேசில் நாட்டில் நிகழ்ந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஜான் பர்னார்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த ஃபெராரி வண்டி இப்பிடிகளோடு களம் புகுந்தது; நைஜல் மான்செல் அதனை ஓட்டி வெற்றியும் பெற்றார். ஸ்டியரிங்கினின்றும் கையை எடாமலே கியரை மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு. 1997 இல் அந்நிறுவனம் சாலையில் ஓடும் தன் வண்டியிலும் இம்முறையைப் புகுத்திற்று. கோயமுத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா ஒன்னிற் புகுந்த முதல் இந்தியரானபோது, அவர் விரல்கள் இயக்கியவையும் இத்தகைய பிடிகளே. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயச் சாலையும் ஹூண்டாய் ஆலையும் ஓரூரிலேயே உள்ளன. அவ்வாலையினின்றும் 2023 இல் வெளிவந்த எக்ஸ்டர் என்னும் சிறு வண்டியின் தானியங்கி வகையிலும் இப்பிடிகளைக் காணலாம். பந்தய வீரரின் கருவி இல்லறத்தாரின் கைக்கு வந்த வரலாறு இதுவே.

இனி, இவை தொழிற்படும் முறையைக் காண்போம். பெரும்பாலும் வலப்பிடி கூட்டற் குறியும் இடப்பிடி கழித்தற் குறியும் உடையன. வலப்பிடியை ஒருமுறை இழுத்தால் கியர் ஒருபடி உயரும். இடப்பிடியை இழுத்தால் ஒருபடி தாழும். பிடிக்கும் பற்சக்கரங்கட்கும் நேரே இணைப்பில்லை. பிடி ஒரு மின்விசை. அது கணிப்பொறிக்கு விண்ணப்பம் செய்யும், கணிப்பொறியே கியரை மாற்றும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழல நேருமாயின் அவ்விண்ணப்பத்தை அது மறுத்துவிடும். பல வண்டிகளில், கியர்த்தண்டு 'டி' என்னும் நிலையில் இருக்கும்போது பிடியை இழுத்தால் அம்மாற்றம் சிறிது பொழுதே நிற்கும். பின்னர் வண்டி தன்விருப்பிற்கு மீளும். தேர்ந்த கியர் நிலைத்து நிற்கவேண்டின் தண்டினை 'எம்' என்னும் நிலைக்கோ, 'எஸ்' என்னும் நிலைக்கோ தள்ளுதல் வேண்டும். இது வண்டிதோறும் வேறுபடுமாதலின், வண்டியோடு தரப்பெறும் கையேட்டை ஒருமுறை படித்தல் கடன்.

இவ்வறிவு நெய்வேலி போன்ற ஊரார்க்கு மிகவும் இன்றியமையாதது. நெய்வேலி நகரியம் சமநிலத்தில் வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்றது. அகன்ற நேரிய சாலைகளை உடையது. அங்குள்ளார் நாள்தோறும் காணும் குன்று, சுரங்கத்தினின்றும் அகழ்ந்து குவித்த மண்மேடேயாம். அத்தெருக்களில் வண்டி பயில்வோர்க்கு 'டி' நிலையும் பிரேக்கும் போதும். ஆயின், அவரே கோடை விடுமுறையில் விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று ஏற்காடு ஏறுவர். இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுதல் எளிது, இறங்குதலே அரிது.

அவ்வருமையைக் கணக்கால் விளக்குவோம். ஏற்காடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையடியினும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்ந்தது. ஆட்களும் பொதியும் உட்பட 1,400 கிலோ எடையுள்ள வண்டியொன்று அவ்வுயரத்தினின்றும் இறங்குங்கால் வெளிப்படும் ஆற்றல் 16 மெகாஜூலுக்கும் மேற்பட்டது. நெய்வேலியார்க்கு விளங்கச் சொல்லின், அஃது ஒன்றரைக் கிலோ பழுப்பு நிலக்கரி எரிதலால் எழும் வெப்பத்திற்கு ஒப்பாகும். 50 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொணரவல்லது. காற்றும் சாலையும் அதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியது எங்கே செல்லும்? பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், அவ்வெப்பம் சக்கரங்களிலுள்ள பிரேக்குகளையே சேரும். அவை கொதிப்பேறின் பிடிமானம் தளரும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியெழின் மிதிகட்டை பஞ்சுபோல் அமிழும். அந்நிலையில் ஓட்டுவோனது திறமை யாது செய்யும்?

இவ்விடத்தேதான் இடப்பிடி உயிர்காக்கும் தோழனாகின்றது. தாழ்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரினின்றும் காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்ற நேரும். அச்சுழற்சியில் வண்டியின் ஆற்றல் செலவாக, அவ்வெப்பத்தை எஞ்சினும் அதன் குளிர்விப்பு அமைப்பும் ஏற்கும். அப்போது எஞ்சினுக்கு எரிபொருள் செல்லுதலும் பெரும்பாலும் நிறுத்தப்படுமாதலின், எண்ணெய் வீணாகும் என்று அஞ்சவேண்டுவதில்லை.

இறங்குவோர் கைக்கொள்ளத்தக்க முறைகளாவன: முதலாவது, சரிவு தொடங்குமுன்னரே கியரைத் தாழ்த்துக, வேகம் மிகுந்தபின் இழுத்தால் கணிப்பொறி மறுக்கும். இரண்டாவது, ஏறுதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ, இறங்குதற்கும் அதனையே கொள்க; கொண்டையூசி வளைவுகளிற் பெரும்பாலும் இரண்டாம் கியர் பொருந்தும். மூன்றாவது, ஒவ்வொரு படியாகத் தாழ்த்துக. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் அடங்கியபின் அடுத்த படிக்குச் செல்க. நான்காவது, வளைவுக்கு முன்னுள்ள நேர்ச்சாலையிலேயே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து விடுக. இடையறாது மிதித்திருத்தல் தகாது. ஐந்தாவது, மழையால் நனைந்த வளைவின் நடுவே கியரைச் சட்டெனத் தாழ்த்தற்க, சக்கரம் வழுக்கும். ஆறாவது, எஞ்சினால் வேகம் குறையுங்கால் பின்விளக்கு எரியாதாகலின், பின்வருவார் அறியுமாறு பிரேக்கை மெல்லத் தொட்டு விளக்கைக் காட்டுக. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சரிவில் வண்டியை நியூட்ரலில் விடுதல் எக்காலத்தும் ஆகாது. பிரேக் கருகும் நாற்றம் எழுந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அது தானே ஆறும்வரை பொறுத்தல் வேண்டும், அதன்மேல் நீரூற்றலாகாது.

மலையேறும்போதும் இப்பிடிகள் பயன்படும். வளைவுதோறும் கியரை ஏற்றியும் இறக்கியும் தடுமாறும் வண்டியை ஒரு கியரிலே நிறுத்தி ஓட்டலாம். சமநிலத்திலும் ஓரிடமுண்டு. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டரை இருவழிச் சாலையில் முந்தவேண்டின், எதிர்ச்சாலை தெளிந்திருத்தலை நன்கு கண்டபின், விலகுமுன்னரே ஒருபடி தாழ்த்துக. வண்டி தயங்காது முன்செல்லும்; எதிர்ச்சாலையில் நிற்கும் பொழுதும் குறையும். மின்சார வண்டிகள் சிலவற்றில் இதே பிடிகள் கியரை மாற்றுவதில்லை. வண்டியின் ஓட்டத்தினின்றும் மின்னாற்றலை மீட்கும் அளவையே கூட்டிக் குறைக்கும். அவ்வாறு மீட்கும்போது வண்டியின் வேகமும் தணியும். ஆயின் மலையுச்சியிலேயே மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், மீண்டுவரும் ஆற்றலை ஏற்க அதில் இடமிராது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் மலையிற் சென்று முதன்முறை பயிலுதல் தகாது. நகரியத்தின் ஆளரவமற்ற சாலையில் ஒரு காலைப்பொழுதில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் இடப்பிடியை ஒருமுறை இழுத்து, எஞ்சினின் ஒலி உயர்வதையும் வண்டி அடங்குவதையும் உணர்ந்து பழகுக. விரல் அறிந்ததை அச்சம் மறக்கச் செய்யாது.

நண்பர்காள்! தானியங்கி வண்டி பெரிதும் தன் சக்கரத்தின்கீழுள்ள சாலையை உணர்ந்தே கியரைத் தேரும். அடுத்த வளைவிற்கு அப்பாலுள்ள சரிவை அஃது அறியாது. அதனை எதிர்நோக்கும் முன்னறிவை ஆண்டவன் மனிதனுக்கே அருளியுள்ளான். இயந்திரம் நம் உழைப்பைக் குறைக்கலாம். நம்மை நம்பி உடன்வருவோர்பால் நமக்குள்ள பொறுப்பைக் குறைக்கமாட்டாது. வேகத்தின் பொருட்டுப் பிறந்த துடுப்பை வேகத்தை அடக்கும் பொருட்டுப் பிடிப்போமாக.